பழைய சொகுசு கார் வாங்கியாச்சா? ஒர்க்ஷாப் பில்லில் மூழ்காமல் ஓட்ட ஒரு வழிகாட்டி

ஷோரூமில் 60 லட்சம் சொன்ன ஜெர்மன் செடான் ஏழெட்டு வருடம் கழித்து 12, 13 லட்சத்துக்கு வந்துவிடுகிறது. அந்தக் காசுக்குப் புதுசாக ஒரு நடுத்தர எஸ்யூவி வாங்கலாம்தான், ஆனால் பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் அதுதான் நிற்கிறது என்பதால் மனசு இந்தப் பக்கம் சாய்கிறது. சாய்வதில் தப்பில்லை. அந்த சீட்டும், நூறைத் தாண்டியும் உள்ளே சத்தமே கேட்காத அந்த ஓட்டமும் வேறு ரகம்தான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வண்டியின் விலைதான் ஐந்தில் ஒன்றாக இறங்கியிருக்கிறது. அதன் ஹெட்லைட், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் இன்றைக்கும் 60 லட்ச ரூபாய் வண்டியின் பாகங்கள்தான், அவற்றின் விலை இறங்கவே இல்லை.

நான் வைத்திருப்பது ஏர் சஸ்பென்ஷன் (ஸ்ப்ரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் வண்டி நிற்கும் அமைப்பு) உள்ள ஒரு டீசல் ஆட்டோமேட்டிக். கம்பெனி பேர் இங்கே தேவையில்லை, எந்த பேட்ஜ் இருந்தாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஆர்.டி.ஓ. ஆபீஸ், இன்சூரன்ஸ், சர்வீஸ் சென்டர், ஷெட் என்று அலைந்து படாத பாடு பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் தோராயம், மாடலுக்கு மாடல் மாறும். வண்டி ஏற்கெனவே மக்கர் பண்ணிக்கொண்டிருக்கிறது, அவசரம் என்றால் நேராக 6-க்குப் போய்விடுங்கள். இந்த வண்டிகளில் பெரும்பணம் கரைவது, எது பழுது என்று உறுதி செய்யாமலே பாகத்தை மாற்றிக்கொண்டு போவதால்தான். அதைத்தான் அங்கே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

1. கையில் உள்ள தொகை முழுவதையும் வண்டியில் போடாதீர்கள்

12 லட்சம் இருக்கிறதா? 9 லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மீதி 3 லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடுவது வண்டிக்காக மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலில் ஒரு பங்கு என்பது என் குறைந்தபட்சக் கணக்கு. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, பெரிய எஸ்யூவி, ஆறு சிலிண்டர் என்றால் மூன்றில் ஒரு பங்கு.

ஏன் இவ்வளவு என்றால்: முன்பக்க பிரேக் பேடும் டிஸ்க்கும் மாற்ற 40,000 முதல் 70,000 வரை ஆகும். ஏஜிஎம் பேட்டரி 25,000-லிருந்து 40,000. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர் ஒன்றே 20,000-க்கு மேல், நாலும் ஒன்றாகத்தான் தேயும். ஏர் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் ஒன்று கம்பெனியில் லட்சத்தைத் தாண்டும். எல்இடி ஹெட்லைட் ஒரு பக்கம் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போவது சாதாரணம், பைக்காரர் ஒருவர் லேசாக உரசினால் போதும். இதில் பேட், டயர், பேட்டரி எல்லாம் பழுதே இல்லை, தேய்மானம். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அந்தத் தீனியில் இது காலை வேளைக்கானது மட்டும்தான்.

முழுத் தொகைக்கும் லோன் போட்டு வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பழைய காருக்கான வட்டி புதுக்கார் வட்டியைவிட அதிகம், அதோடு வண்டி ஷெட்டில் நிற்கும் மாதத்திலும் இஎம்ஐ போய்க்கொண்டேதான் இருக்கும்.

2. பார்க்கப் போகும்போது ஸ்கேனரோடு போங்கள்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையிலேயே ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள். செயின் சத்தம், புகை, கரடுமுரடான ஐடிலிங் எல்லாம் குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில விநாடிகளில்தான் வெளியே வரும்.

ஸ்கேனர் என்பது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் கருவி. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் டாங்கிள் இன்ஜினை மட்டும்தான் படிக்கும். கியர்பாக்ஸ், ஏர்பேக், சஸ்பென்ஷன், ஏபிஎஸ் எல்லாவற்றையும் படிக்க அந்தந்தக் கம்பெனிக்கான மென்பொருள் வேண்டும்: பிஎம்டபிள்யூவுக்கு ஐஎஸ்டிஏ, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி, ஆடி, ஸ்கோடா வகையறாவுக்கு ஓடிஐஎஸ் அல்லது விசிடிஎஸ். இது கையில் உள்ள மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சில ஆயிரம் கேட்பார், தாராளமாகக் கொடுக்கலாம்.

கோடு என்பது வண்டி தானே பதிவு செய்துவைக்கும் பழுதுக் குறியீடு. ஸ்கேன் போட்டதும் "ஒரு கோடும் இல்லை, சுத்தமா இருக்கு" என்று வந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். முந்தின நாள் அழித்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கோடை அழித்தபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை ஸ்கேனர் காட்டும். அது 8 கிலோமீட்டர் என்று வந்தால் விஷயம் புரிந்துவிடும். அதேபோல ரெடினெஸ் மானிட்டர் என்ற பக்கத்தில் வண்டி தானாகச் செய்துகொள்ளும் சோதனைகளில் பாதி 'முடியவில்லை' என்று இருந்தாலும் கோடை அண்மையில்தான் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மீட்டர் விஷயத்திலும் இப்படித்தான். பல மாடல்களில் கிலோமீட்டர் கணக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கன்ட்ரோல் யூனிட்டுகளில் (வண்டிக்குள் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர்களில்) பதிவாகும், டிஸ்பிளேயில் மட்டும் திருப்பியிருந்தால் மற்ற இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று பார்க்க சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரைக்கும் இழுங்கள். அடியில் சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை நேர்கோடாக நிற்கும். வாட்டர் வாஷ் பண்ணுகிறவர்கள் யாரும் அதுவரை போவதில்லை. சீட் ரயில் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல் இரண்டையும் பாருங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இந்த இரண்டு சமயத்திலும் சென்னையில் இருந்த வண்டி என்றால் எங்கே நின்றது என்று நேரடியாகவே கேளுங்கள்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஐந்தாறு வருடத்தைத் தாண்டியிருந்தால் நாலு டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள். சாவி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டாவது சாவி செய்ய பல ஆயிரம் ஆகும்.

எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரே மாடல் பேரில் நல்ல இன்ஜினும் இருக்கும், தலைவலி இன்ஜினும் இருக்கும். பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. ஆரம்ப கால வண்டிகளில் அது தேய்வது ஊரறிந்த குறை, மாற்றுவதென்றால் பெரிய வேலை. ஆடியின் பழைய 2.0 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோலில் ஒரு தலைமுறைக்குப் பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் குடிக்கும் வியாதி உண்டு. ஆடி, ஸ்கோடா வகையறாவின் 7 ஸ்பீடு ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸில், அதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் தொல்லை தரும். மாறாக, இசட்எஃப் 8 ஸ்பீடு கியர்பாக்ஸ் வைத்த வண்டி கிடைத்தால் பயமில்லாமல் பார்க்கலாம், ஆயில் மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

3. காகிதம் சரியில்லையென்றால் வண்டி நன்றாக இருந்தும் பயனில்லை

ஆர்சி-யில் ஹைபாதிகேஷன் என்ற இடத்தில் வங்கி பேர் இருந்தால், லோன் முடிந்துவிட்டது என்ற பேச்சை நம்ப வேண்டாம். வங்கியின் ஆட்சேபணையின்மைச் சான்றும் (என்.ஓ.சி.) வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வரட்டும். என்.ஓ.சி.க்குக் காலக்கெடு இருக்கிறதா என்று தேதியைப் பாருங்கள், பழசாக இருந்தால் புதுசு வாங்கச் சொல்லுங்கள்.

பெயர் மாற்ற படிவம் 29, படிவம் 30 இரண்டும் வேண்டும். வாகன் தளத்தில் ஆன்லைனில் ஆரம்பித்துவிடலாம். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வெளிமாநிலம் என்றால் 45 நாள், வாங்குபவருக்கு 30 நாள். முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றத்துக்கு அலையாதீர்கள். ஒரு தொகையைப் பிடித்து வைத்து, ஆர்சி பெயர் மாறியதும் தருகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இ-சலான் பாக்கியையும் பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடுங்கள், பாக்கி இருந்தால் டிரான்ஸ்ஃபர் அதில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். டீலரிடம் வாங்குவதானால், 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி டீலர்களுக்கு ஆர்.டி.ஓ.வின் அங்கீகாரச் சான்று தேவை என்ற விதி இருக்கிறது. காட்டச் சொல்லுங்கள். டீலர் பில்லில் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று போட்டால், அது அவருடைய லாபத்தின் மீதுதான், முழு விலைக்கும் இல்லை.

டெல்லி வண்டி. இதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வருடத்தைத் தாண்டிய டீசலுக்கு அங்கே பல வருடம் கெடுபிடி இருந்ததால் ஆச்சரியமான விலைக்கு வரும், இங்கிருக்கும் வண்டியைவிட இரண்டு மூன்று லட்சம் குறைவாகக்கூட. ஆனால் படிவம் 28-ல் அந்த ஊர் ஆர்.டி.ஓ. என்.ஓ.சி. வாங்க வேண்டும், அப்புறம் இங்கே வாழ்நாள் வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்த வரி நீங்கள் கொடுத்த 9 லட்சத்துக்கு இல்லை, வண்டியின் அசல் விலையை வைத்து, வயதுக்கேற்ற விகிதத்தில் கணக்கிடுவார்கள். இதைக் கூட்டினால் டெல்லி லாபம் பெரும்பாலும் போய்விடுகிறது. "அந்த நம்பரிலேயே ஓட்டுங்க சார், யாரும் கேட்க மாட்டாங்க" என்று புரோக்கர் சொல்வார். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது, மாட்டினால் ரோட்டில் நிற்கப்போவது புரோக்கர் இல்லை.

4. இன்சூரன்ஸ் எதைத் தரும், எதைத் தராது

கியர்பாக்ஸ் போனால் இன்சூரன்ஸில் கிளெய்ம் பண்ணலாமா என்று கேட்பவர்கள் நிறைய. முடியாது. மெக்கானிக்கல் பழுது, மின் பழுது, தேய்மானம் எதற்கும் மோட்டார் இன்சூரன்ஸ் பணம் தராது. விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் இதற்குத்தான்.

பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாத வருடங்களுக்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அதற்கான வித்தியாசத் தொகை கட்டச் சொல்வார்கள், அது நியாயமான வசூல்தான். 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 2022-ல் அறிவித்த விகிதப்படி 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. இருந்தால் தனி.

ஜீரோ டெப்ரிசியேஷனை (தேய்மானம் கழிக்காமல் பாகத்தின் விலையைத் தரும் கூடுதல் கவர்) பல கம்பெனிகள் ஐந்து வருடத்தோடு நிறுத்திவிடுகின்றன, சில ஏழு வருடம் வரை தருகின்றன. விசாரித்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். பம்பரும் ஹெட்லைட்டும் பிளாஸ்டிக்தான், மேலே சொன்ன விலையை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரீமியம் குறைகிறதே என்று ஐடிவி-யை, அதாவது இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பைக் குறைத்துப் போட வேண்டாம்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரித் தண்ணீர் நிற்கும் ஊரில் இருந்தால் இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் கட்டாயம். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறினால் சாதாரண பாலிசி அதை ஏற்காது. தண்ணீரில் நின்றுவிட்டால் ஸ்டார்ட் பட்டனில் கையே வைக்காதீர்கள். வீடியோ எடுங்கள், இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள், ஃப்ளாட்பெட் வண்டியை வரச் சொல்லுங்கள். கயிறு கட்டி இழுப்பது ஆட்டோமேட்டிக்குக்கும் ஆல்-வீல் டிரைவுக்கும் ஆகாது.

எக்ஸ்டெண்டட் வாரன்டி என்று டீலர் ஒன்றை நீட்டினால், முதல் பக்கத்தை விட்டுவிட்டு விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு, ஏர் சஸ்பென்ஷனும் எலெக்ட்ரானிக்ஸும் உண்டா, சர்வீஸ் எங்கே செய்ய வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் எழுத்தில் இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.

5. பழுது வருவதற்கு முன்பே ஒர்க்ஷாப்பைப் பிடித்து வையுங்கள்

வண்டி நடுரோட்டில் நின்ற பிறகு தேடினால் கிடைத்த இடத்தில்தான் விட வேண்டியிருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டர், அந்தக் கம்பெனி வண்டிகளை மட்டும் பார்க்கும் தனியார் ஷெட், எல்லா வண்டியும் பார்க்கும் மெக்கானிக் என்று மூன்று வகை. மூன்றாவது ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த வண்டிக்கு வேண்டாம். கம்பெனியில் ரீகால் வேலையையும் (குறை கண்டு கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) சாஃப்ட்வேர் அப்டேட்டையும் செய்துகொள்ளுங்கள். மற்றதற்குத் தனியார் ஷெட். பல இடங்களில் கம்பெனியை விட்டு வெளியே வந்த டெக்னீஷியன்களே நடத்துகிறார்கள்.

முதலில் சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள், ஆயில் சர்வீஸ் போதும். எந்த ஆயில் என்று கேட்கும்போது "5டபிள்யூ-30 சிந்தெடிக்" என்று மட்டும் சொன்னால் போதாது. கம்பெனி அங்கீகார எண் சொல்ல வேண்டும்: பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப்-04, மெர்சிடிஸுக்கு 229.51, ஆடி டீசலுக்கு 507 00 மாதிரி. டப்பாவின் பின்பக்கம் இது அச்சாகியிருக்கும். டீசல் வண்டியில் தவறான ஆயில் ஊற்றினால் டிபிஎஃப்-க்கு (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டிக்கு) சேதம், அதன் விலை லட்சக்கணக்கில். அதே டிபிஎஃப் காரணமாக, வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள் டீசலே வாங்க வேண்டாம். வாங்கியாயிற்று என்றால் வாரம் ஒருமுறை ஜிஎஸ்டி ரோட்டிலோ ஈசிஆரிலோ அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள், கரி எரிந்துபோகட்டும்.

வாங்கிய புதிதிலேயே எல்லா ஆயிலையும் மாற்றிவிடுங்கள்: இன்ஜின், பிரேக், கூலன்ட், கியர்பாக்ஸ். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று கார் கம்பெனி சொல்லும். கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்எஃப் கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவன் பேச்சைத்தான் கேட்பேன். 8 ஸ்பீடு பெட்டியில் ஃபில்டர் பிளாஸ்டிக் ஆயில் பேனோடு சேர்ந்தே வரும், அதனால் பேனையும் மாற்றியாக வேண்டும், பில் கூடும், அதில் ஏமாற்று இல்லை.

6. பழுது வந்தால்: முதலில் கண்டுபிடிப்பு, அப்புறம்தான் பாகம்

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் பார்த்தால் முன்பக்க வலது மூலை மட்டும் தரையோடு உட்கார்ந்திருக்கும், ஸ்டார்ட் பண்ணினால் எழுந்துகொள்ளும். ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டார்கள், காற்றை ஏற்றும் கம்ப்ரஸர் பற்றிய கோடு வந்தது, கம்ப்ரஸரை மாற்றினார்கள், பெரிய பில். சில நாளில் மறுபடி அதே மூலை. இந்தத் தடவை காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக் மாற்றலாம் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் பக்கம் ஒரு ஷெட்டுக்குப் போனேன். அந்த மெக்கானிக் ஸ்கேனரையே எடுக்கவில்லை. வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றச் சொன்னார், ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலக்கினார், சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஸ்ட்ரட்டின் ரப்பர் மடிப்பில் அடித்தார். மடிப்புக்குள் சின்னச் சின்னதாகக் குமிழி வந்துகொண்டே இருந்தது. கசிவு அங்கேதான். ராத்திரி முழுக்கக் காற்று போகப்போக, அதை ஈடுகட்ட ஓடி ஓடித்தான் கம்ப்ரஸர் செத்திருக்கிறது. கசிவை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரஸரைப் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஸ்கேனரில் வரும் கோடு நோயின் பேர் இல்லை, அறிகுறி மட்டும்தான். பி0171 என்று வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம், அவ்வளவுதான். விரிசல் விட்ட வேக்கம் ஹோஸாக இருக்கலாம், பிசிவி வால்வாக இருக்கலாம், ஃப்யூயல் பம்பாக இருக்கலாம். சென்சார்தான் பேசுகிறது என்பதற்காகச் சென்சாரை மாற்றுவது சேதி கொண்டுவந்தவனை அடிக்கிற வேலை.

ஆகவே எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டும் முன் இதைக் கேளுங்கள். என்ன கோடு வந்தது, அதன் பிரிண்ட் அல்லது படம் கொடுங்கள். அந்தக் கோடு பதிவானபோது இன்ஜின் எந்த நிலையில் இருந்தது, அதாவது ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ன சொல்கிறது. இந்தப் பாகம்தான் கெட்டது என்று எந்தச் சோதனையில் உறுதி செய்தீர்கள். கசிவென்றால் ஸ்மோக் டெஸ்ட் செய்தீர்களா, இன்ஜெக்டர் என்றால் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டீர்களா, வயரிங் அளந்தீர்களா. இதற்கு "எல்லா வண்டிலயும் இதுதான் சார் போகும்" என்று பதில் வந்தால் அது அனுபவமாகவும் இருக்கலாம், ஊகமாகவும் இருக்கலாம். ஊகத்துக்கு ஒன்றரை லட்சம் கொடுக்க முடியாது. "மாற்றியும் சரியாகவில்லையென்றால் பாகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே பதில் தெரியும்.

கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனியாகக் கூலி கொடுக்கத் தயங்காதீர்கள். நம் ஊரில் ஸ்கேன் பண்ணுவது ஓசி, பாகம் விற்றால்தான் வருமானம் என்று இருப்பதால்தான் எல்லாரும் பாகம் மாற்றவே பார்க்கிறார்கள். "நாலு மணி நேரம் பாருங்க, அதுக்கு என்ன உண்டோ வாங்கிக்குங்க, பாகம் எங்க வாங்கறதுன்னு அப்புறம் பேசலாம்" என்று சொன்னால் நல்ல டெக்னீஷியன் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்.

இன்னொன்று, டேஷ்போர்டில் ஒரே சமயத்தில் ஐந்தாறு எச்சரிக்கை எரிந்தால் பதற வேண்டாம். முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். வோல்டேஜ் இறங்கினால் இந்த வண்டிகளின் கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒவ்வொன்றும் சம்பந்தமில்லாத புகாரைச் சொல்லும். பேட்டரி மாற்றினால், பிஎம்டபிள்யூ, ஆடி மாதிரி வண்டிகளில் புது பேட்டரியை வண்டியில் பதிவு செய்யவும் வேண்டும். சும்மா மாட்டிவிட்டுப் போனால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றி அதன் ஆயுளைக் குறைக்கும்.

7. நிறுத்த வேண்டிய விளக்கு, காத்திருக்கக்கூடிய விளக்கு

சிவப்பு ஆயில் விளக்கு, கூலன்ட் சூடு, விட்டுவிட்டு மின்னும் இன்ஜின் விளக்கு. இந்த மூன்றுக்கும் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள், வீடு பக்கத்தில்தான் என்று ஓட்ட வேண்டாம். மின்னும் விளக்கு மிஸ்ஃபயர், தொடர்ந்து ஓட்டினால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சேர்ந்து போகும். சஸ்பென்ஷன் உட்கார்ந்துவிட்டால் டயர் ஃபெண்டரில் உரசும், அதையும் ஓட்டக்கூடாது. டயர் பஞ்சர் என்றால், ரன்-ஃப்ளாட் இருந்தால் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். ஸ்டெப்னி பல மாடல்களில் கிடையாது, வாங்கும்போதே டிக்கியைத் திறந்து பாருங்கள்.

நிலையாக எரியும் மஞ்சள் இன்ஜின் விளக்குக்கு நடுரோட்டில் நிறுத்த வேண்டாம், ஆனால் சீக்கிரமே ஸ்கேன் போட்டுவிடுங்கள். பார்க்கிங் சென்சார், சன்ரூஃப் திரை, வால்வ் கவரில் லேசான ஆயில் கசிவு இதெல்லாம் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கலாம். கசிவு எக்ஸாஸ்ட் மீது சொட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

8. பாகம் வாங்குவது

கம்பெனி டப்பாவுக்குள் இருப்பது பெரும்பாலும் பாஷ், மாஹ்லே, சாக்ஸ், லெம்ஃபோர்டர், ஹெல்லா போன்றவர்கள் செய்தது. அதே பாகம் அவர்கள் டப்பாவில் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மாடல் பேரையும் வருடத்தையும் சொல்லிக் கேட்காதீர்கள், 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை உறுதி செய்துகொண்டு ஆர்டர் போடுங்கள். ஒரே வருடத்து வண்டியில் இரண்டு வகை பிரேக் இருந்து, தப்பானது வந்து இறங்கி, திருப்பி எடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் கைவிரிப்பது சகஜம்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கவும் தேவையில்லை. கண்ணாடி, கதவு, சீட், ஹெட்லைட், ஸ்விட்ச் இதெல்லாம் புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும், டெல்லி மாயாபுரியிலிருந்தும் வரவழைப்பார்கள். மெக்கட்ரானிக்ஸ், டர்போ, ஏர் ஸ்ட்ரட், இன்ஜெக்டர் இவற்றை ரிப்பேர் பண்ணித் தருபவர்கள் இருக்கிறார்கள், வாரன்டியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் மூன்றும் மட்டும் புதுசு, மறுபேச்சு கிடையாது. பழைய யூனிட் வாங்கும்போது, அது உங்கள் வண்டியோடு கோடிங் ஆகுமா (மென்பொருளில் பொருந்துமா) என்பதைப் பணம் கொடுக்கும் முன் உங்கள் ஷெட்டில் கேட்டுவிடுங்கள். சில யூனிட்டுகள் முதலில் இருந்த வண்டியோடு பூட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்டாக் இல்லாத பாகம் ஜெர்மனியிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகலாம். அந்த நாட்களில் வண்டி அவர்கள் இடத்தில் நின்றால் பார்க்கிங் வாடகை போடும் சர்வீஸ் சென்டர்கள் உண்டு, முதல் நாளே கேட்டு வாட்ஸ்அப்பில் பதில் வாங்கிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், பில்லில் பழைய 28 இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

9. பில்லும் தகராறும்

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் புகார் உங்கள் வார்த்தையில் இருக்கட்டும். 'சஸ்பென்ஷன் மாற்ற' என்று எழுதினால் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். 'காலையில் முன்பக்க வலது மூலை இறங்குகிறது, சரிசெய்ய' என்று எழுதுங்கள். எஸ்டிமேட்டைத் தாண்டி ஒரு ரூபாய் போனாலும் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லி மெசேஜ் அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள், மாற்றாமலே பில் போடும் பழக்கம் இதில் அடங்கிவிடும். கிலோமீட்டர், எரிபொருள் அளவு, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்த வேலை சரியில்லை, கேட்டால் பதிலும் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். பல இடங்களில் இதிலேயே மேனேஜர் லைனுக்கு வந்துவிடுவார். நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே செல்லுபடியாவது ஜாப் கார்டும் பில்லும் மெசேஜும்தான். பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று கையில் கொடுத்திருந்தால் அங்கே பேச எதுவும் இருக்காது.

10. எப்போது கைகழுவுவது

ஒரே எஸ்டிமேட் வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் ரிப்பேர் பண்ணாமல் அப்படியே விற்றுவிடலாம். அதே பாகங்களைப் பழசில் போட்டுச் சரிசெய்யும் ஷெட்காரர்களே வாங்கிக்கொள்வார்கள், விலை அடிமாட்டுக்குத்தான் கேட்பார்கள், மூன்று பேரிடமாவது கேட்டுவிடுங்கள். இத்தனை செலவு பண்ணிவிட்டோமே என்று மேலும் பண்ணுவதுதான் இந்த வண்டிகளில் ஆளை முழுக வைப்பது, செய்த செலவைக் கணக்கில் சேர்க்காமல் இனி ஆகப்போவதை மட்டும் பாருங்கள்.

வண்டி நன்றாக ஓடும்போதே விற்பதானால் டயரோ பிரேக்கோ வாங்கி விலையை ஏற்ற முயல வேண்டாம், அந்தப் பணம் திரும்பி வராது. தேதி வரிசையில் அடுக்கிய பில் ஃபைல்தான் விலையைக் கூட்டும். வாங்க வருபவர் ஸ்கேனரோடு வந்தால் சந்தோஷப்படுங்கள், நல்ல ஓனர் கிடைத்திருக்கிறார். பணம் வந்ததும் படிவம் 29-ஐ ஆன்லைனில் நீங்களே போட்டு ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஃபாஸ்டாகைக் கிழித்துக் கணக்கை மூடுங்கள், நோ கிளெய்ம் போனஸ் சான்றை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். அடுத்த வண்டிக்கு அது உதவும், அதுவும் ஜெர்மன்தான் என்று இப்போதே முடிவு செய்திருந்தால் 1-லிருந்து மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.